பாறசாலையின் தட்டில் பயறு எங்கே?

புலால் உண்ணாதோர்க்குப் போதிய புரதம் கிட்டுமா என்னும் வினாவுக்கு இன்று இரு கூட்டத்தார் உரத்த குரலில் விடை கூறுகின்றனர். இறைச்சியின்றி உடல் தேறாது என்கிறது ஒரு கூட்டம். அதன் நிழலில் டப்பாவில் அடைத்த புரதப் பொடியும் விலைபோகிறது. மரக்கறி உணவில் எல்லாமே அடங்கியுள்ளது என்கிறது மறு கூட்டம். அவ்வுணவு எவர் அடுப்பில், எந்த அளவில் வேகிறது என்று அது கேட்பதில்லை. உண்பவரின் கொள்கையைப் பற்றி இரு கூட்டமும் பேசுகின்றன. உண்பவரின் கூலியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இவ்விரு விடைகளையும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்து உரைத்துப் பார்த்தால் இரண்டின் மாற்றும் குறைவு என்பது புலப்படும்.

இந்நிலத்தின் உணவு வரலாற்றில் பெரும்பகுதி மரச்சீனியின் வரலாறு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா இக்கிழங்குப் பயிரை ஊக்குவித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, உலை வைக்க வழியற்ற வீடுகளை மரச்சீனியே காத்தது. அந்த நன்றியை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் வயிற்றை நிறைக்கும் பொருள் அனைத்தும் உடலைக் கட்டுவதில்லை. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 8 கிராம் புரதம் உண்டு. அதே எடை மரச்சீனியில் ஒரு கிராம் இருந்தால் மிகுதி. 300 கிராம் அரிசி தரும் ஆற்றலைக் கிழங்கிலிருந்து பெற 700 கிராம் அளவுக்கு உண்ண வேண்டும். அப்போது கிடைக்கும் புரதம் 24 கிராமிலிருந்து 7 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். போதாக்குறைக்கு, மரச்சீனியில் எஞ்சும் சயனைடு நச்சை முறிக்க உடல் தன்னிடமுள்ள கந்தக அமினோ அமிலங்களைச் செலவிடுகிறது.

இக்குறையை நிரப்பியது மீன். மரச்சீனியும் மீன்கறியும் என்னும் இணை சுவையால் மட்டும் நிலைத்ததன்று; கிழங்கில் இல்லாததை மீன் கொடுத்தது. ஆனால் மீன் எல்லா நாளும் எல்லார்க்கும் எட்டுவதில்லை. கேரளக் கடலில் ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் 52 நாள்கள் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை உண்டு. மழையும் சேர்ந்துகொள்ள மீன் விலை ஏறும். கூலி வேலையும் குறையும் அந்நாள்களில் மரச்சீனிக்குக் காந்தாரி மிளகாய்த் துவையலும் கட்டன் சாயாவுமே துணை. அன்று அவ்வீட்டார் அனைவரும் மரக்கறி உண்போரே. எந்த அறநூலும் அவர்களை அவ்வழிக்குக் கொண்டுவரவில்லை.

இங்கே கல்விப்புலத்தார் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. ‘புரதப் பஞ்சம்’ என்பதே சந்தை கட்டிய கதை என்பர் அவர்கள். அதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1968இல் ஐக்கிய நாடுகள் அவை வரவிருக்கும் புரத நெருக்கடியைப் பற்றி எச்சரித்தது. இந்தியாவில் பி. வி. சுகாத்மே, சி. கோபாலன் ஆகியோர் அதனை வினவினர். வயிறார உண்போர்க்குப் புரதமும் பெரும்பாலும் கிட்டிவிடும், மூலக் குறை உணவின் அளவிலேயே உள்ளது என்று காட்டினர். 1974இல் டொனால்ட் மெக்லாரன் ‘லான்செட்’ இதழில் அந்தப் பரப்புரையை மாபெரும் படுதோல்வி என்றே எழுதினார். இவையனைத்தும் உண்மை. ஆனால் அந்த வாதம் தானியமும் பயறும் உண்போரை வைத்துக் கட்டப்பட்டது. கிழங்கை முதன்மை உணவாகக் கொண்டோர்க்கு அது பொருந்தாது. ஹைதராபாத்திலும் பூனாவிலும் மெய்யானதைத் தெற்குத் திருவிதாங்கூரின் மரச்சீனி விளைக்கு அப்படியே பெயர்த்துவைப்பது ஆய்வுநெறி ஆகாது.

இன்று ரேஷன் அரிசி வந்துவிட்டது. மரச்சீனி முன்போல் முதன்மை உணவாக இல்லை என்பதும் மெய்யே. எனினும் தட்டின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. மாவுப்பொருள் மலிவு, பயறு விலை மிகுதி என்னும் நிலை அப்படியே நீடிக்கிறது.

இனி, இறைச்சியின்றி முடியுமா என்ற வினாவைக் கணக்காகவே பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். தானியத்தையே பெரிதும் சார்ந்த உணவாயின் ஒரு கிராம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உயர்ந்த அளவையே கொள்வோம்: 55 கிராம். 300 கிராம் அரிசியில் 24, நூறு கிராம் சிறுபயற்றில் 22, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 6, ஒரு குவளைப் பாலில் 6. கூட்டினால் 58. அரிசியில் குறையும் லைசினைப் பயறு ஈடுசெய்கிறது; பயற்றில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவ்வாறு முதலில் எழுதிப் பரப்பிய பிரான்சிஸ் மூர் லாப்பே 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைத் தாமே திருத்திக்கொண்டார்.

ஆகவே, முடியும். அதற்கு வேண்டிய சமையலும் இவ்வூர்களுக்குப் புதிதன்று. கஞ்சியும் பயறும், காணத் துவையல், உளுந்தங்கஞ்சி, பெரும்பயறு சேர்த்த எரிசேரி என அனைத்தும் இங்குள்ளோர் கைப்பக்குவமே. முடியாமற்போவது அந்த நூறு கிராம் பயற்றை ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நாளும் வாங்குவதே. நெல்வயல் இருந்த காலத்தில் அறுவடைக்குப் பின் எஞ்சிய ஈரத்தில் பயறு விளைந்தது. 1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரள நெல்வயல் பரப்பு இன்று 2 லட்சம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. வயல் வாழைக்கும் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் போனபோது பயறும் உடன் போயிற்று. வயலில் கிடைத்தது கடையில் வாங்கும் சரக்காயிற்று.

மரக்கறி உணவைப் பேசுவதே சாதி மேட்டிமை என்பது மற்றொரு மறுப்பு. அவ்வாறு அது பயன்பட்டதுண்டு, இன்றும் பயன்படுகிறது. ஆனால் 1888இல் நெய்யாற்றங்கரையின் அருவிப்புரத்தில் சிவப் பிரதிஷ்டை செய்து சாதி அதிகாரத்தை எதிர்த்த நாராயண குருவே ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’ இயற்றிக் கொல்லாமையையும் கூறினார். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் சீவகாருண்யம் என்பதற்கு முதற்பொருள் பசித்தவர்க்குச் சோறு. இம்மரபில் கொல்லாமையும் பசி தீர்த்தலும் ஒன்றாகவே நின்றன. பள்ளிப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை அகற்றக் கூறி, அதற்கீடாக ஒரு கரண்டிப் பயறும் வைக்காதோர்க்கு இம்மரபில் இடமில்லை.

எஞ்சுவது அரசின் பொறுப்பு. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. மார்ஷல் நேசமணி தலைமையிலான இயக்கம் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. களியக்காவிளைக்கு மேற்கிலும் கிழக்கிலும் ஒரே மொழியும் ஒரே கொள்வினை கொடுப்பினையும் தொடர்கின்றன. ரேஷன் அட்டை மட்டும் வேறு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியம் ஆகியவற்றுக்கே உரிமை அளிக்கிறது. பருப்பு அதில் இல்லை. தமிழ்நாடு 2007 முதல் சிறப்புத் திட்டத்தின் வழியே அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பை 30 ரூபாய்க்கு வழங்குகிறது. நால்வர் குடும்பத்தில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு, புரதக் கணக்கில் 2 கிராமும் இல்லை. பெருமை கொள்ளும் அளவன்று. ஆனால் பருப்பு அரசின் கடமை என்பதை அது ஏற்கிறது. கேரளத்தில் பயறு வகைகள் சப்ளைகோவின் மாவேலிக் கடைகளில் மானிய விலைக்கு உண்டு. 2023, 2024 ஆண்டுகளில் மானியப் பொருள்கள் இருப்பில் இல்லை என்பது நாளேடுகளில் ஓயாத செய்தியாயிற்று. பின்னர் மானிய விலை சந்தை விலையோடு பிணைக்கப்பட்டது. சந்தை ஏறினால் அதுவும் ஏறும்.

இயலாது என்று எவரும் சொல்ல முடியாது. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது கேரள அரசு சிறுபயறும் பருப்பும் அடங்கிய பையை ரேஷன் கடை வழியாகவே இலவசமாக வழங்கியது. ஒன்றிய அரசும் அவ்வாண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ பருப்போ கடலையோ ஒதுக்கியது. கடைகள் அன்றும் இவையே, அட்டைகளும் இவையே. நோய்க்காலத்தில் முடிந்தது பசிக்காலத்தில் ஏன் முடியவில்லை?

ஆளுக்கு மாதம் ஒரு கிலோ பயறு, நிலைத்த விலையில், எல்லையின் இருபுறமும் ரேஷன் கடையிலேயே கிடைக்க வேண்டும். மேலே கண்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்கே அது. எனினும் இன்றைய 8 கிராம் 33 கிராம் ஆகும். மீன் உண்பவர் மீன் உண்ணட்டும். விரதம் இருப்பவர் விரதம் இருக்கட்டும். இருவர் வீட்டிலும் பயறு வெந்த பிறகு, இறைச்சி வேண்டுமா வேண்டாமா என்று கருத்தரங்கு கூட்டி விவாதிக்கலாம்.