கறள் படம் வேண்டாம், மில்லிமீற்றரைச் சொல்லுங்கோ

இந்தக் கிழமை எபிசோட்டில், குளிர்காலத்தில் மின்சாரக் கார் எவ்வளவு தூரம் ஓடும் எண்டு கதைத்தோம். பிரேக் பற்றிக் கதைக்க நேரம் கிடைக்கவில்லை. அதை இங்கே எழுதுகிறேன், ஏனெண்டால் இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கு.

இப்ப ரொறன்ரோ பக்கத்தில் கனக்கக் கராஜுகள் காரைப் பார்த்துவிட்டு போனுக்கு ஒரு லிங்க் அனுப்புகிறார்கள். திறந்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு ஒரு பட்டியல். சிவப்புக்குப் பக்கத்தில் கறள் பிடித்த ரோட்டரின் படம். அப்பாவோ அம்மாவோ அதை அப்படியே வாட்ஸ்அப்பில் எங்களுக்குத் தட்டிவிடுவினம்: "இதென்ன தம்பி, செய்யச் சொல்லவோ?" நாங்கள் வேலையில் இருந்துகொண்டு படத்தைப் பார்ப்போம். பார்க்கப் பயங்கரமாத்தான் இருக்கும். "ஓம், செய்யச் சொல்லுங்கோ." சில நூறு டொலர் போச்சு. நாலு சில்லுக்கும் எண்டால் ஆயிரத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

என்னைக் கேட்டால், அந்தப் படம் ஒரு ஆதாரமே இல்லை.

ரோட்டர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பிரேக் பேட் உரசுற மேற்பரப்புக்குப் பெயின்ற் அடிக்க முடியாது. அதனால் ஒரு மழை போதும், கார் கழுவினாலும் போதும், அடுத்த நாள் காலையில் செம்மஞ்சள் படலம் வந்திருக்கும். வீதிக்கு உப்புப் போடுற ஊரில் இன்னும் கெதியா வரும். நாலைந்து தரம் பிரேக் அமத்தினால் பேட்டே அதைத் துடைத்துவிடும். நடுவில் தொப்பி மாதிரி இருக்கிற பகுதி, வெளி விளிம்பு, உள்ளே காற்றுப் போகிற இடுக்குகள், இங்கெல்லாம் பேட் படுவதில்லை. அங்கே கறள் எப்பவும் இருக்கும். அது வழமை. சில்லைக் கழட்டாமல் படம் எடுத்தால் கமராவுக்கு வடிவாத் தெரிவதும் அந்த இடங்கள்தான்.

தேய்மானம் வேற விஷயம். அதைக் கண்ணால் பார்க்க ஏலாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் குறைந்தபட்சத் தடிப்பு ஒன்று இருக்கு. அநேகமாக ரோட்டரிலேயே மில்லிமீற்றரில் பொறித்திருப்பார்கள். புதிதில் 28 மில்லிமீற்றர் எண்டால் எல்லை 26 அல்லது 25 ஆக இருக்கலாம். அந்த இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் ரோட்டரின் முழு ஆயுள். அளக்க மைக்ரோமீற்றர் வேணும். சாதாரண வேர்னியரை வைத்து மேலோட்டமா அளந்தால், விளிம்பில் தேயாமல் மிஞ்சி நிற்கிற மேட்டைத்தான் அது பிடிக்கும். உண்மையில் இருப்பதை விடக் கூடத் தடிப்புக் காட்டும். ஆகவே அளந்தவர் எந்த இடத்தில் அளந்தார் எண்டதும் முக்கியம்.

அதுக்காக "கறள் எண்டாலே ஏமாத்து" எண்டு சொல்லிக்கொண்டு திரியிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து நிமிஷம் ஓடிவிட்டு வந்து பாருங்கோ. தொடாதேங்கோ, கை பொசுங்கிவிடும். பேட் உரசுற இடம் முழுக்க மினுங்க வேணும். அதில் வளையம் வளையமாகக் கறள் மிஞ்சி இருந்தால், ஆறினாப் பிறகு விரலை வைத்தால் பள்ளங்கள் தட்டுப்பட்டால், அது வழமை இல்லை. வெடிப்பு, சூட்டில் வந்த நீல நிறத் திட்டுகள், பிரேக் பிடிக்கேக்க ஸ்டியரிங் நடுங்குறது, இதுகளும் அப்படித்தான். ஒரு பக்கம் நல்லாயிருந்து மற்றப் பக்கம் மோசம் எண்டால் கலிப்பர் இறுகியிருக்கலாம். அதைப் பார்க்காமல் ரோட்டரை மட்டும் மாத்தினால் அதே செலவு திரும்ப வரும். ஒன்றையும் மறக்கக் கூடாது: வெளிப்பக்கம் பளிச்செண்டு இருக்க உள்பக்கம் தின்னப்பட்டிருக்கலாம். படம் எடுத்தால் அந்தப் பக்கத்தை எடுத்து அனுப்பினால் பிரயோசனம்.

எபிசோட்டோடு இது தொடர்புபடுவது இங்கேதான். மின்சாரக் காரிலும் ஹைபிரிட்டிலும் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டரே செய்து, அந்தச் சக்தியைப் பற்றறிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. பேட்டுக்கு வேலை குறைவு. தேய்வதும் குறைவு, கறள் துடைபடுவதும் குறைவு. ரோட்டர் தேயாமலே பழுதாகப் போகலாம். தடிப்பு எல்லைக்கு நல்ல மேலே இருக்கும், மேற்பரப்பு மட்டும் குழி விழுந்திருக்கும். ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களுக்குப் பின்பக்கம் பழைய மாதிரி டிரம் பிரேக் போட்டதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். மூடின டிரம்முக்குள் தண்ணியும் உப்பும் இலகுவாகப் போகாது. எனக்கு அது கெட்டித்தனமாத்தான் படுது. வீதிக்கு உப்புப் போடுற இடங்களில் வருஷத்துக்கு ஒருக்கா அல்லது 20,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா கலிப்பரைத் துப்பரவாக்கிக் கிரீஸ் போடச் சொல்லி டெஸ்லாவின் கையேட்டிலேயே இருக்கு. இதைச் செய்விக்கிற ஆக்கள் எங்கட வட்டத்தில் எத்தினை பேர்? மின்சாரக் காருக்குப் பராமரிப்பே இல்லை எண்டு விற்றார்கள், நாங்களும் நம்பினோம்.

வீட்டில் இன்னொரு சிக்கல் இருக்கு. "தெரிஞ்ச அண்ணையின்ர கராஜ், கேள்வி கேட்டாக் குறை நினைப்பார்" எண்டு அப்பா தயங்குவார். எண் கேட்பது சந்தேகப்படுறது இல்லை. நல்ல மெக்கானிக் ஏற்கெனவே அளந்திருப்பார், சொல்ல அவருக்கு அரை நிமிஷம். அளக்காதவர்தான் திரும்பவும் படத்தைக் காட்டுவார்.

கீழே இருப்பதைப் பிரதி பண்ணி அப்பாவின் போனில் போட்டு வையுங்கோ:

"அண்ணை, ரோட்டரின்ர தடிப்பு இப்ப எத்தினை மில்லிமீற்றர், அதில பொறிச்சிருக்கிற எல்லை எத்தினை? பேட் எவ்வளவு மிச்சம்? உள்பக்கத்தையும் ஒருக்காப் படம் எடுத்து அனுப்புங்கோ."

பதிலாக வந்த எண்களை எங்களுக்கும் அனுப்புங்கோ. கராஜின் பெயர் வேண்டாம். கார் எது, எத்தினை வருஷப் பழசு, எத்தினை கிலோமீற்றர் ஓடினது எண்டு மட்டும் எழுதினால் போதும்.