முதல் படகுக்கு இன்ஜின் வேண்டாம்

தமிழன் கடலோடி என்று யாராவது மேடையில் முழங்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று கேட்கத் தோன்றும்: ஐயா, உங்களுக்குத் துடுப்புப் போடத் தெரியுமா? 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் கடாரம் போன கதையை ஒன்றரை மணி நேரம் பேசுவார். கைதட்டல் வாங்குவார். பிறகு காரில் ஏறி ஈசிஆர் வழியாக வீட்டுக்குப் போவார். வழியெல்லாம் கடல் தெரியும். அதில் அவர் இறங்கியது முழங்கால் வரைக்கும்தான், அதுவும் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு.

ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை வைத்திருக்கிறோம். அந்தத் தண்ணீரின் மேல் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மீனவர்கள். கடற்படை, கடலோரக் காவல்படை. டிக்கெட் வாங்கி அரை மணி நேரம் சுற்றி வருகிற சுற்றுலாக்காரர்கள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் சொந்தச் சின்னப் படகை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு, ஒரு வேலையும் இல்லாமல் தண்ணீரில் சுற்றிவிட்டு வரும் குடும்பம் என்று ஒன்றை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சாமிக்குக்கூட வருஷத்துக்கு ஒரு தடவை தெப்பம் உண்டு. நாம் கரையில் நின்று கும்பிடுகிறோம்.

நான் மேல்சித்தாமூர்க்காரன். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ளடங்கிய ஊர். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். எங்கள் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். தண்ணீரே உயிர் என்று சொல்லி வளர்த்த வீடு. அந்த வீட்டில் போன கோடையிலிருந்து படகுப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீடு, தம்பி வீடு, பாண்டிச்சேரியில் இருக்கும் அத்தை மகன் வீடு, மூன்று வீடும் சேர்ந்து ஒரு படகு வாங்கலாம் என்று யோசனை. பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் நான்கு.

பெரியப்பா கேட்ட முதல் கேள்வி இது: “மீன் பிடிக்காதவனுக்குப் படகு எதுக்குப்பா?”

இந்தக் கேள்விதான் நம் சமூகத்தின் கேள்வி. நிலத்தில் நடப்பவன் நடைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் போகிறவன் மட்டும் வயிற்றுப்பாட்டைக் காட்டியாக வேண்டும். எப்போதும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. பரிபாடலில் வையைப் புனலாட்டு இருக்கிறது. சங்க அகப்பாடல்களில் புணை என்ற சொல் வரும். அதைப் பிடித்துக்கொண்டு ஆணும் பெண்ணும் நீராடுவார்கள். அந்தப் புணை மீன் பிடிக்கவும் இல்லை, சரக்கு ஏற்றவும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஏரி நிரம்பினால் பையன்கள் வாழைத்தண்டை அடுக்கிக் குச்சி குத்தித் தெப்பம் செய்வார்கள். அதுவும் புணைதான். பத்து வயது வரைக்கும் அனுமதி, அப்புறம் முதுகில் இரண்டு வைத்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

பெரியப்பாவுக்குப் பதில் சொல்வது சுலபம். தீர்த்தங்கரர் என்றால் என்ன அர்த்தம்? கடந்து போவதற்குத் துறை அமைத்துக் கொடுப்பவர். 24 பேரைத் துறை அமைப்பவர்கள் என்று கும்பிடுகிற நமக்கு, துறையில் நிற்கும் படகு மட்டும் எப்படி அந்நியமாகும்? பெரியப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். கஷ்டமானது அத்தை மகன்தான்.

அவன் ஒரு பழைய ஃபைபர் படகைப் பார்த்து வைத்திருக்கிறான். பின்னால் 40 குதிரைத்திறன் இன்ஜின். “மச்சான், பத்துப் பேரும் ஒரே நேரத்துல போலாம். பத்து நிமிஷத்துல நடுக்கடல்.” பிரச்சினை அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. இன்ஜின் பத்து நிமிஷத்தில் கொண்டுபோய் விடுகிற தூரத்தைத் துடுப்பால் திரும்பி வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று அவன் கணக்குப் போட்டதில்லை. அதுவும் மேல்காற்று வீசும் காலை நேரத்தில். நம் கிழக்குக் கரையில் விடியற்காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், மதியத்துக்கு மேல் கடலிலிருந்து கரைக்குத் திரும்பும். பாய் விரித்த காலத்தில் மீனவர்கள் இந்த இரண்டையும் கணக்கு வைத்துத்தான் போய் வந்தார்கள். இன்ஜின் வைத்திருப்பவனுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கும் பழக்கமே வராது. இன்ஜின் நிற்கிற அன்றைக்குத்தான் பார்ப்பான்.

இன்னொன்று, இன்ஜின் படகில் ஒருத்தன் ஓட்டுவான், மற்ற ஒன்பது பேரும் மூட்டை. நம் வீடுகளில் அந்த ஒருத்தன் யார் என்று சொல்லவே வேண்டாம். அண்ணியும் தங்கச்சியும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுகிறவனுக்கு ஏதாவது ஆனால் அத்தனை பேரும் கதியற்றவர்கள். இதற்குப் பெயர் குடும்பப் படகா? தண்ணீரில் ஓடுகிற ஷேர் ஆட்டோ.

மூட்டையாகப் போனவர்களின் கணக்கு நம்மிடம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30, தேக்கடி: இரண்டு அடுக்குப் படகு சாய்ந்தது, 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரி, 22 பேர். 2023 மே 7, கேரளத்தின் தானூர்: மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு, அளவுக்கு மேல் ஆட்கள், பொழுது சாய்ந்த நேரம், 22 பேர். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு நம் வீடுகளில் எடுக்கும் முடிவு என்ன? ‘தண்ணி பக்கமே போகாதே.’ இந்த முடிவுதான் அடுத்த விபத்துக்கான ஆட்களைத் தயார் செய்கிறது. தண்ணீர் தெரியாத பிள்ளை தண்ணீர் தெரியாத பெரியவனாகும். உயரமான படகில் மேல்தளத்தில் கூட்டம் ஏறினால் அது தலைகனத்துச் சாயும் என்று அவனுக்கு உடம்பால் தெரியாது. ஒரு பக்கம் என்னவோ தெரிகிறது என்றால் எல்லோரும் அந்தப் பக்கம் எழுந்து ஓடக் கூடாது என்று தெரியாது. சின்னப் படகில் ஒரு வாரம் உட்கார்ந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து நின்றால் படகே சொல்லிவிடும்.

சரி, அப்படியானால் எதை வாங்குவது?

பதில் நம் கரையிலேயே கிடந்தது, நாம்தான் ஃபைபரைப் பார்த்து அதை விறகாக்கிவிட்டோம். கட்டுமரம். லேசான மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. வேலை முடிந்தால் அவிழ்த்துக் காயப் போட்டுவிடலாம். கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது, அதனால் தண்ணீர் நிரம்ப இடமில்லை. அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரங்கள் வேகமாகக் குறைந்தன. மீனவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவர்கள் வருமானத்துக்குப் போகிறவர்கள். ஆனால் உல்லாசத்துக்குப் போகிற எனக்கு வேகமும் கொள்ளளவும் எதற்கு? எனக்கு வேண்டியது மூழ்காதது.

(இந்த இடத்தில் ஒரு சந்தோஷமான அவமானத்தைச் சொல்ல வேண்டும். உலகம் முழுக்கப் பணக்காரர்கள் ‘கேட்டமரான்’ என்று வைத்திருக்கும் இரட்டை உடல் படகுக்குப் பெயர் கொடுத்தது நாம், வடிவம் பாலினேசியர்களுடையது. 1876இல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் அப்படி ஒன்றைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் எல்லோரையும் முந்தினார்; உடனே அந்த வகைப் படகையே பந்தயங்களிலிருந்து விலக்கி வைத்துவிட்டார்கள். பெயரைக் கொடுத்தவர்கள் நாம் என்று மார்தட்டுவதோடு நம் வேலை முடிந்தது.)

இன்றைக்குக் கட்டுமரம் செய்து தர ஆள் தேடுவது கஷ்டம். அதன் தத்துவத்தை அப்படியே வைத்திருப்பது மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் கயாக். மூடிய உடல், தண்ணீர் வடிய ஓட்டைகள், கவிழ்ந்தால் புரட்டிவிட்டு ஏறலாம். இருவர் உட்காரும் கயாக் ஒரு ஸ்கூட்டர் விலைக்குள் வந்துவிடும், இரண்டு பேர் தூக்கிவிடலாம், காரின் கூரையில் கட்டலாம். மூன்று வீட்டுக்கு இரண்டு போதும். நான்கு பேர் தண்ணீரில், ஆறு பேர் கரையில், முறை வைத்து. ‘எல்லோரும் ஒரே படகில்’ என்பது கேட்க நன்றாக இருக்கும். கரையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பாதுகாப்பு. காற்றடைத்த படகு வேண்டாம். விலை மலிவு, மடிக்கலாம், எல்லாம் சரி; மேல்காற்று அதைப் பட்டம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

அதற்கும் முன்னால் வாங்க வேண்டியது உயிர்காப்பு அங்கி, ஒவ்வொருவர் எடைக்கும் ஏற்றபடி. பெரியவர் அளவைப் பிள்ளைக்கு மாட்டிவிடாதீர்கள். தண்ணீரில் குதித்தால் அங்கி மேலே போகும், பிள்ளை கீழே போகும். சின்னப் பிள்ளைக்குக் கால்களுக்கு நடுவே வரும் பட்டை கட்டாயம். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுக்கு ஏறினால் அது அவனுடையது இல்லை. முதல் நாள் வேலை ஓட்டுவது கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழகுவது. பத்துத் தடவை. அம்மாவும்.

எங்கே? இங்கேதான் அத்தை மகனோடு பெரிய சண்டை. அவனுக்கு வங்காள விரிகுடாதான் வேண்டும். நம் சோழமண்டலக் கரை திறந்த கரை. அலை நேராக வந்து மணலில் உடையும். சென்னைக்குத் துறைமுகம் கட்டும் முன், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் இல்லாமல் ஒரு வெள்ளைக்காரனும் கப்பலிலிருந்து கரை சேர முடியவில்லை. கப்பலோடு வந்தவனே பயந்த அலையில் நாம் பிள்ளைகளோடு ஆரம்பிப்பதா? வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பேச்சே இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் மரக்காணமும் கழுவேலியும் இருக்கின்றன. ஆனால் கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமானது, அதைப் பறவைகளுக்கே விட்டுவிடலாம். முதல் வருஷம் உப்பங்கழி, ஆழமில்லாத பின்நீர். முகத்துவாரத்துக்குப் போகக் கூடாது, வற்றும்போது நீர் கடலுக்குள் இழுக்கும். அதற்குப் பிறகு கடல்தான் வேண்டுமென்றால், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பாக் விரிகுடா: தொண்டிப் பக்கம், ஆழம் குறைவு, அலை சின்னது.

ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது. கடற்கரையில் ரிசார்ட்டும் பங்களாவும் வந்து மீனவர்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது, நடுத்தர வர்க்கம் தண்ணீரிலும் இடம் பிடிக்க வேண்டுமா என்று ஒரு தோழி கேட்டாள். இதை நான் தள்ளிவிட மாட்டேன். நான் இன்ஜினை எதிர்ப்பதற்கு இதுவும் காரணம். இன்ஜின் படகு நிறுத்த இடம் கேட்கும், அப்புறம் துறை கேட்கும், அப்புறம் வேலி போடும். அதன் விசிறி வலையை அறுக்கும். தோளில் தூக்கி வந்து தோளில் தூக்கிப் போகும் படகு ஒரு அடி மணலையும் வேலி போட்டுக்கொள்ளாது. கூடவே, கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே? அந்தந்தக் குப்பத்து ஆள்தான் வாத்தியார், கூலியும் மரியாதையும் கொடுத்து. மீனவரை ‘அவங்க’ என்று சொல்லிப் பழகிய நம் பிள்ளைகள் முதல்முறையாக அவரை ‘சார்’ என்று கூப்பிடட்டும்.

2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் மொட்டை மாடியில் நின்றவர்களைக் காப்பாற்ற வந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். 2024 ஃபெஞ்சல் புயலில் எங்கள் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடும்போது எங்கள் ஊர்ப்பக்கத்தில் எத்தனை பேருக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியும்? ஒரே ஒரு சமூகத்திடம் மட்டும் படகை விட்டுவிட்டு, அவர்களைக் கடற்கரையிலிருந்தும் துரத்திவிட்டு, ஆபத்து வந்தால் ஹீரோ என்று போஸ்ட் போடுகிறோம்.

இன்னொரு பக்கம், படகு பணக்காரர் விளையாட்டு என்பார்கள். சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலிருந்து இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுக்கு இந்தியாவிலிருந்து போன நான்கு பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள்தாம்: நேத்ரா, கணபதி, வருண் சென்னை, விஷ்ணு வேலூர். வேலூரில் கடல் எங்கே இருக்கிறது? இங்கிலாந்தில் 1963இல் டெய்லி மிரர் பத்திரிகை ஒரு காரியம் செய்தது. ஒட்டுப்பலகையைத் தைத்து ஒட்டி வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சின்னப் பாய்மரப் படகு, சிவப்புப் பாய், 63 பவுண்ட் 11 ஷில்லிங். சாதாரண ஜனங்கள் கார் ஷெட்டில் வைத்துக் கட்டினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேல் உருவாயின. நம் பத்திரிகைகள் இலவச இணைப்பாக ராசிபலன் கொடுக்கின்றன.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உப்பங்கழிக் கரையில் படகைத் தள்ளி இறக்க ஒரு சிமென்ட் சரிவு, கழற்றி மாட்ட நிழல், காற்று எந்தப் பக்கம் எவ்வளவு என்று எழுதிப்போட ஒரு பலகை. படகு இல்லங்களில் அரை மணி நேரச் சவாரிக்குப் பதிலாகப் பத்து நாள் வகுப்பு, மாவட்டப் பிள்ளைகளுக்கு. இன்ஜின் படகுக்கு ஆய்வும் பதிவும் வேண்டும் என்று 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டம் சொல்கிறது. துடுப்புக்காரனுக்குச் சட்டத்தைவிட அந்தச் சிமென்ட் சரிவு முக்கியம்.

எங்கள் வீட்டு நிலவரம்: உயிர்காப்பு அங்கி பத்துக்கும் பணம் சேர்ந்துவிட்டது. கயாக்குக்கு மூன்றில் இரண்டு வீடு சம்மதம். பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், பொழுது சாய்வதற்குள் கரையேறிவிட வேண்டும். அவர் அதைச் சாப்பாட்டுக்காகச் சொல்கிறார். அத்தை மகன் இன்னும் இன்ஜின் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.