டப்பாவின் பின்பக்கம்

காலையில் டிவியைப் போட்டால் ஏதாவதொரு சேனலில் வெள்ளைக் கோட்டுடன் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கீழே போன் நம்பர் ஓடும். குடல் புண் முற்றினால் கேன்சராம். அவர்களுடைய கேப்சூலைச் சாப்பிட்டால் அந்தப் பயமே வேண்டாமாம். வருடக்கணக்காக இதே பாட்டு. கோட்டுக்குள் இருக்கும் ஆள்தான் மாறுகிறார்.

பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய் பல ஆண்டு நீடித்தால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுவது உண்மை. அந்தப் பயத்தைத்தான் காசாக்குகிறார்கள்.

இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது என்பார்கள். ஊமத்தங்காயும் இயற்கைதான்.

கேப்சூலில் போடும் மஞ்சளுக்கு ஆய்வே இருக்கிறதாம். இருக்கிறது. ஜப்பானில் 89 கொலைட்டிஸ் நோயாளிகளை வைத்து நடந்து, 2006இல் வெளியானது. ஆறு மாதத்தில் நோய் திரும்புகிறதா என்றுதான் பார்த்தார்கள், புற்றுநோயை அல்ல. அதுவும் வழக்கமான மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்து.

வைட்டமின் டி? அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துப் பார்த்தாயிற்று. புற்றுநோய் வருவது குறையவில்லை.

இவர்கள் அதிகம் அளப்பது ஃபோலிக் ஆசிட்டில்தான். கொலைட்டிஸுக்காகச் சல்ஃபாசலசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலேட் சரியாக உடம்பில் சேராது. அதனால் டாக்டரே ஃபோலிக் ஆசிட் எழுதிக் கொடுப்பார். அது குறையை ஈடுகட்ட. புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க, பெருங்குடலில் முளைத்த பாலிப் என்னும் சிறு கட்டியை எடுத்த 1,021 பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தினம் ஒரு மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. மூன்று வருடம் கழித்துக் கொலனோஸ்கோப்பி செய்தால், ஃபோலிக் ஆசிட் தரப்பில் 44.1 சதவீதம் பேருக்கு மறுபடி பாலிப். வெற்று மாத்திரையில் 42.4. அதற்கடுத்த பரிசோதனையில் இன்னும் மோசம். மூன்று பாலிப்போ அதற்கு மேலோ முளைத்தவர்கள் ஃபோலிக் ஆசிட் பக்கம் இரண்டு மடங்குக்கு மேல்! களைக்கு உரம் வைத்த கதை. 2007இலேயே ஜாமா மருத்துவ இதழில் அச்சாகிவிட்டது. வெள்ளைக் கோட்டுக்கு இன்னும் தபால் போய்ச் சேரவில்லை போலும். அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குக் கொலைட்டிஸ் இல்லையே என்பார். சரி, கொலைட்டிஸ்காரர்களை இப்படிச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் புற்றுநோய் குறைந்ததென்று காட்டிய சோதனை ஒன்றை அவர் எடுத்து வைக்கட்டும்.

நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனவர்கள் கொலனோஸ்கோப்பிக்குத் தேதி வாங்க வேண்டும், கொலைட்டிஸ் மருந்தான மெசலமினை நிறுத்தக் கூடாது. இதை அந்த நிகழ்ச்சியில் ஒருநாளும் கேட்டதில்லை. கேப்சூல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அது.