அறிந்துகொள்வோம்: கடலடியில் பிராணவாயு



ஆழத்தில் இறங்கி உழைப்பது என்பது கோலார் தங்கவயல் தமிழருக்குப் புதிய செய்தி அன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்படும் வரையில் நம் பாட்டன்மாரும் தந்தையரும் அத்தகைய ஆழங்களில் இருந்துதான் நமக்குச் சோறு தேடித் தந்தனர். நம் இளைஞர்களுக்கு இன்று வேறோர் ஆழமும் திறந்திருக்கிறது. புதுச்சேரியிலும் அந்தமானிலும் ஸ்கூபா எனப்படும் கடலடி மூழ்குதலைக் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. அங்கே 'நைட்ராக்ஸ்' என்றொரு பாடமும் உண்டு. பிராணவாயு மிகுத்த காற்றைச் சுவாசித்து மூழ்கும் முறையே அது. இம்மாதம் அதைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

முதலில் அழுத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் இறங்கினால் எவ்வளவு காற்றழுத்தம் கூடுமோ, நீரில் ஏறக்குறைய நான்கு மீட்டர் இறங்கினாலே அவ்வளவு கூடிவிடும். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். அழுத்தம் மிகும்போது இந்த நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மூழ்கியவர் விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் புட்டியைப் போல் உடலுக்குள் குமிழிகள் எழும். மூட்டுவலி, பக்கவாதம், சில வேளைகளில் மரணமே நேரும். ஆகவேதான் ஒவ்வோர் ஆழத்திற்கும் இத்தனை நிமிடம் என்று வரம்பு விதித்திருக்கின்றனர்.

நைட்ராக்ஸில் பிராணவாயுவை 32 அல்லது 36 பங்காக உயர்த்துகின்றனர். நைட்ரஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. வழக்கில் உள்ள ஒரு பயிற்சி அட்டவணையின்படி, 18 மீட்டர் ஆழத்தில் சாதாரணக் காற்றுடன் 56 நிமிடம் இருக்கலாம். 32 பங்குக் கலவையுடன் 95 நிமிடம் இருக்கலாம்.

பிராணவாயு கூடினால் இன்னும் ஆழமாகப் போகலாம் என்று எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறானது. அழுத்தம் மிகுந்த பிராணவாயுவே நஞ்சாக மாறும். 32 பங்குக் கலவைக்கு 33 மீட்டர், 36 பங்குக் கலவைக்கு 28 மீட்டர் என்பது பொதுவாகக் கொள்ளும் எல்லை. அதைக் கடந்தால் முன்னறிகுறி ஏதுமின்றி வலிப்பு வரக்கூடும். தரையில் வலிப்பு வந்தவரைத் தூக்கிவிட ஆள் உண்டு. நீருக்கடியிலோ வாயில் உள்ள சுவாசக் குழாய் நழுவியதும் மூழ்கி இறக்க நேரிடும்.

பிராணவாயு இவ்வாறு வலிப்பைத் தரும் என்பதை பால் பெர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878இல் எழுதி வைத்தார். சுரங்கக் காற்றை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பவர்தாம் பிரிட்டிஷ் கடற்படைக்காக, மூழ்கியவர் படிப்படியாக மேலேறும் அட்டவணையை 1908இல் வெளியிட்டார். சுரங்கமும் கடலும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டன எனலாம். அவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் இரண்டாம் உலகப் போரின்போது அழுத்த அறைக்குள் தாமே அமர்ந்து பிராணவாயுவின் தீங்கைச் சோதித்தார். 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர்.

இப்பாடத்தின் உயிர்நாடி ஒன்று உண்டு. கலவையை நிறத்தாலோ மணத்தாலோ அறிய முடியாது. எல்லா சிலிண்டரும் பார்வைக்கு ஒன்றே. ஆகவே மூழ்கப் போகிறவர் தம் கையாலேயே அளவுகருவி கொண்டு பிராணவாயுவைச் சோதித்து, பங்கு, எல்லை ஆழம், தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். "நிரப்பியவர் சரியாகத்தான் நிரப்பியிருப்பார்" என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. இரயில்வேயில் பணிபுரியும் எங்களுக்கு இது எளிதில் விளங்கும். டோக்கன் முறை நடந்த ஒற்றைப் பாதையில், டோக்கன் தம் கைக்கு வாராமல் எந்த ஓட்டுநரும் வண்டியை எடுக்கக் கூடாது என்பது விதி.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பிராணவாயு மிகுந்த இடத்தில் எண்ணெய்ப் பசை தீப்பற்ற ஏதுவாகும். ஆகையால் கருவிகளில் எண்ணெய் தடவலாகாது. அந்தமானிலிருந்து விமானத்தில் திரும்புவோர், பல நாள் மூழ்கியிருந்தால், கடைசி மூழ்குதலுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இக்கலையைக் கற்க விரும்பினால் அஞ்சித் தடுக்க வேண்டியதில்லை. முறையான பயிற்சியும் மருத்துவச் சோதனையும் உண்டா என்று பாருங்கள். அவன் கடலிலிருந்து பேசும்போது, "எவ்வளவு ஆழம் போனாய்?" என்று கேட்பதற்கு முன்னால், "சிலிண்டரை நீயே அளந்தாயா?" என்று கேளுங்கள்.