மூக்கைத் தின்ற எதிர்ப்பு சக்தி

2020-ல் கொரோனா வந்தது. கூடவே 'இம்யூனிட்டி' என்கிற வார்த்தையும் மளிகைக் கடைக்கு வந்தது. கஷாயப் பொடி, சத்து மாவு, சூயிங்கம் மாதிரி மெல்லும் மாத்திரை... எல்லா டப்பாவிலும் ஒரே பல்லவி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்! அலைகள் ஓய்ந்தும் டப்பாக்கள் ஓயவில்லை. எதிர்ப்பு சக்தி என்றால் ஏதோ செல்போன் பேட்டரி மாதிரி, சார்ஜ் ஏற ஏற நல்லது என்று நம் தலையில் நன்றாகவே ஏற்றிவிட்டார்கள்.

இந்த டப்பாக்காரர்களைப் பிரேசிலின் பாஹியா மாநிலத்துக்கு ஒரு நடை அழைத்துப் போக வேண்டும்.

அங்கே காட்டோரத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களை மணல் ஈ கடிக்கும். கொசுவைவிடப் பொடிசு. கடிக்கும்போது லெய்ஷ்மேனியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி தோலுக்குள் இறங்கிவிடும். சில வாரத்தில் ஒரு சின்னக் கட்டி. அப்புறம் ஓரம் தடித்த, மாதக்கணக்கில் ஆறாத புண். உலகம் முழுக்க வருஷத்துக்கு 6 லட்சத்திலிருந்து 10 லட்சம் பேருக்கு இந்தத் தோல் நோய் வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் பிகானேரிலும் உண்டு, இலங்கையில் அனுராதபுரம் பக்கமும் உண்டு.

ஒட்டுண்ணி குடியிருக்கும் இடம்தான் வேடிக்கை. கிருமிகளை விழுங்க வேண்டிய மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். போலீஸ் ஸ்டேஷனிலேயே ரூம் போட்டுத் தங்குகிற திருடன்! தூங்குகிற போலீஸைத் தட்டி எழுப்புவது டி செல். அது ஒட்டுண்ணியின் ஆன்டிஜெனை, அதாவது அதன் புரதத் துணுக்கை, அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற ரசாயனத்தைச் சுரக்கும். அதற்கப்புறம்தான் மேக்ரோபேஜ் உள்ளே இருப்பவனைக் கவனிக்கும்.

"அப்ப டி செல் எவ்வளவு துள்ளுதோ அவ்வளவு நல்லதுதானே?" என்பார் டப்பாக்காரர். இல்லை சார்.

நோயாளியின் ரத்தச் செல்களோடு ஒட்டுண்ணியின் ஆன்டிஜெனைக் கலந்து ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். சிலருடைய டி செல்கள் தேமே என்று கிடக்கின்றன. அவர்களுக்கு உடம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் பரவும், உள்ளே ஒட்டுண்ணி மந்தை மந்தையாக இருக்கும். இன்னும் சிலருக்கு டி செல்கள் சாமி வந்த மாதிரி ஆடும். இன்டர்ஃபெரான் கொட்டும். வீக்கத்தைக் கிளப்பும் டி.என்.எஃப். என்ற ரசாயனமும் கொட்டும். டப்பா கணக்குப்படி ஜெயிக்க வேண்டியவர்கள் இவர்கள். ஆனால் தோல் புண் ஆறி, சில வருஷம் கழித்துக்கூட இவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டு அரித்து ஓட்டை விழுகிறது. அந்தப் புண்ணில் ஒட்டுண்ணியைத் தேடினால் கண்ணில் படுவதே அபூர்வம். மூக்கைத் தின்றதில் பெரும்பங்கு அவருடைய சொந்த எதிர்ப்பு சக்திக்கு.

சாப்பாடு இல்லாதவனுக்குச் சாப்பாடு போட்டால் உடம்பு தேறும். தடுப்பூசி ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காணக் கற்றுத்தரும். ரெண்டையும் மறுக்கவில்லை. 'பொதுவாக ஏத்தி விடறோம்' என்கிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். எந்தச் செல்லை? எந்த ரசாயனத்தை? எங்கே நிறுத்துவீர்கள்? இதற்கு எந்த டப்பாவிலாவது பதில் அச்சடித்திருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

பிரேசில் டாக்டர்கள் செய்தது நேர் எதிர். மூக்கில் புண் வந்த 23 பேருக்கு வழக்கமான ஆன்டிமனி ஊசி போட்டார்கள். அதில் 11 பேருக்கு மட்டும், டி.என்.எஃப்-ஐ அடக்கும் பென்டாக்ஸிஃபிலின் என்ற பழைய மாத்திரையையும் சேர்த்தார்கள். 11 பேருக்கும் ஒரே சுற்றில் குணம். வெற்று மாத்திரை வாங்கிய 12 பேரில் 5 பேருக்கு இரண்டாம் சுற்று ஊசி தேவைப்பட்டது. 2007-ல் வெளியான இந்த ஆய்வு சின்னதுதான். ஆனாலும் எதிர்ப்பு சக்தியை இறக்கித்தான் குணமாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆன்டிமனியோ 1920-களிலேயே கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி காலா அசாருக்குப் பயன்படுத்திய உலோகம். இதயத்துடிப்பைக் கெடுக்கக்கூடியது. நூறு வருஷம் கழித்தும் பாஹியாவில் அதே உலோகத்தைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். லெய்ஷ்மேனியாவுக்கு எதிராக நாய்களுக்கு ஐரோப்பாவில் 2011-லேயே தடுப்பூசி அனுமதியாகிவிட்டது. மனுஷனுக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை. நாய் மேல் எனக்குக் கோபமில்லை. அதற்குப் பணம் கட்ட எஜமானர் இருக்கிறார்.