16 வாரம் கழிந்தால்?

"அனுபவம் உண்டா?" என்கிறார் முதலாளி. "வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?" என்கிறான் பட்டதாரி. ஊருக்கு ஊர் நடக்கும் இந்த வழக்குக்குக் கனடா அரசு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

'கனடா சம்மர் ஜாப்ஸ்' என்று திட்டத்துக்குப் பெயர். வயது 15 முதல் 30 வரை. லாப நோக்கம் இல்லாத சங்கங்கள் ஆள் வைத்தால், குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு நூறு வரை அரசே கொடுக்கும். சின்னத் தனியார் கம்பெனிகளுக்குப் பாதி வரைதான். 2019-ல் 'மாணவராகத்தான் இருக்கணும்' என்ற கட்டுப்பாடும் போச்சு. படிப்பை முடித்துவிட்டு அலைகிறவர்களுக்கும் கதவு திறந்தது.

சபாஷ்! ஆனால் கெடு 6 வாரம். மிஞ்சிப்போனால் 16 வாரம். பையன் வேலை பழகுகிற நேரத்தில் பணம் நின்றுவிடும். நன்கொடையில் ஓடும் சங்கம் சம்பளத்துக்கு எங்கே போகும்? பையன் மறுபடி தெருவில். அடுத்த வருஷம் புது ஆள். அ, ஆவன்னாவிலிருந்து பாடம்!

லீவுக்கு வருகிற மாணவனுக்கு இது போதும். வீட்டைத் தாங்க வேண்டிய பட்டதாரிக்குப் போதாது. அவனுக்கு ஒரு முழு வருஷமாவது வேண்டும். கூலியைக் கொடுத்த அரசு, கொஞ்சம் காலத்தையும் கொடுக்கட்டும்!