பட்டம் வென்ற அணி எங்கே?

மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் சாயங்காலம் பந்து உதைக்கிற பையன்களின் முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ. நடுவே ஒரு சென்னையின் எஃப்சி நீலம். சென்னை சிட்டி எஃப்சி என்றால் திருதிருவென விழிக்கிறார்கள். 1946-இல் தொடங்கிய கிளப் அது. பெயரில்தான் சென்னை, பட்டம் வென்றது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபிடம் ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கியது. பெனால்டியில் பெட்ரோ மான்சி சமன் செய்தார். தற்காப்பு ஆட்டக்காரரான கௌரவ் போரா, யாரும் எதிர்பாராமல், இரண்டு கோல் போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி ஐ-லீக் கோப்பை கைக்கு வந்தது.

வந்து என்ன பயன்? அப்போது ஐ-லீக் சாம்பியனுக்கு இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) இடம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் பங்கு வாங்கியும் நிலைக்கவில்லை. 2021-22 பருவத்தில் ஐ-லீக்கில் அணியையே காணோம். இத்தாலியின் பார்மா 2015-இல் திவாலாகி நான்காம் டிவிஷனில் விழுந்தது. மூன்றே ஆண்டில் முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஏற அங்கே படி இருந்தது. சென்னை சிட்டியின் உரிமையாளர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. இங்கே படியை அடைத்து வைத்தவர்களையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக்கை வென்றது அந்த ஒரே அணிதான்.